கொம்புத்திட்டில் ஆளில்லை

அணுகுண்டை முதலில் ஏவிவிட்டு அப்புறம் யோசிக்கலாம் என்கிற வசதியை மனிதகுலம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த மூன்றாம் மாதமே, இரண்டு வல்லரசுகளும் ஒரே செவ்வாய்க்கிழமை காலையில் அந்த வசதியைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டன.

தொங்குகுண்டு என்று அதற்குப் பெயர். பழைய குண்டு கையைவிட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான்; அரைமணியில் ஓர் ஊர் சாம்பல். இது அப்படிப்பட்ட முரட்டுப் பிள்ளை இல்லை. மேலே போய் பூமியைச் சுற்றிக்கொண்டே காத்திருக்கும். ஏவியவர் மனம் மாறினால் வேறு இடம் காட்டலாம். இருபது நாளைக்கு எரிபொருள். இருபதாம் நாள் மாலை ஆறு மணி வரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லையென்றால், முதலில் சொன்ன ஊரிலேயே போய் விழுந்துவிடும். சமாதானத்துக்கென்றே செய்த ஆயுதம் என்று விளம்பரம் செய்தார்கள். மேலைக் கூட்டரசு ஐந்நூற்று இருபது ஏவியது. கீழைக் கூட்டரசு, தனக்கென்ன குறைச்சல் என்று, அதே ஐந்நூற்று இருபது. பட்டப்பகலில் அண்ணாந்து பார்த்தால் வானம் எள்ளு தூவின முறுக்கு மாதிரி இருந்தது.

இது நடந்து பதினெட்டாம் நாள். அலவாய்ப்பேட்டை தாலுகா அலுவலகத்தில் தாசில்தார் சண்முகவடிவு வருமானச் சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். உலகத்துக்கு இன்னும் இரண்டே நாள்தான் ஆயுசு. ஆனாலும் வராந்தாவில் கூட்டம் குறையவில்லை. மேலே போனபின் எந்தக் கவுன்ட்டரில் எதைக் கேட்பார்களோ, எதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும் என்கிற முன்யோசனையாக இருக்கலாம்.

தபேதார் மாசானம் உள்ளே வந்தார்.

"யம்மா, வெளிய ஏழு காரு வந்து நிக்கி. அதுல ஒரு வெள்ளக்காரன் நம்ம கொடிக்கம்பத்தவிட ஒசரம்."

"கலெக்டர் வந்திருக்காரா?"

"பின்னால ஓடி வாராரு."

வந்தவர்களில் பேசக்கூடியவர் ஒருவர்தான். வெளியுறவுத் துறையின் இணைச் செயலாளர் நம்பெருமாள். பதினெட்டு நாளாகத் தூங்காத கண். அவருக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பார்வையாளர்; மேலையின் ஆள் நெட்டை, கீழையின் ஆள் குட்டை. அலுவலகத்தில் விருந்தாளிக்கு இருந்தது ஒரே பெஞ்சு. எதிரியோடு ஒரே பெஞ்சில் உட்கார இருவருக்கும் அவரவர் தலைநகரத்திலிருந்து அனுமதி வரவில்லை. ஆகவே இருவரும் நின்றார்கள்.

நம்பெருமாள் மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார். "மேடம், இது உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். கொம்புத்திட்டு, சர்வே எண் ஒன்று, கடற்கரைப் புறம்போக்கு. ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. ஆள் நடமாட்டம் இல்லை.

சண்முகவடிவு காகிதத்தைத் திருப்பி முத்திரையைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கழித்து, அதுவும் உலகம் முடியப் போகிற வாரத்தில், இதை விசாரிக்க ஏழு காரா?

அந்தத் தாலுகாவுக்கு மாற்றல் என்றால் தமிழ்நாட்டில் எந்த வருவாய்த்துறை அதிகாரிக்கும் உடனே முதுகுத்தண்டு நழுவிவிடும்; மருத்துவச் சான்றோடு வேறெங்காவது போய்விடுவார். அதனால் பதினொரு வருஷமாக அவள்தான் அங்கே, ஒவ்வொரு பதவியாக ஏறி. முதல் வருஷம் கொம்புத்திட்டை இடித்துக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில், காளைமாட்டுக் கொம்பு மாதிரி வளைந்து கிடக்கிற மணல்திட்டு. போலீஸோடு படகில் போனாள். நூற்று முப்பது குடிசை. பெண்கள் வெயிலில் கடற்பாசி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். இடிக்க வந்தவளுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுத் திரும்பி வந்து, அகற்றப்பட்டன என்று எழுதிக் கோப்பை மூடினாள். ஒரு குடிசையைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இடித்தாயிற்று என்று எழுதிவிட்டால் இடிக்க மறுபடி யாரும் வருவதில்லை. அதன்பின் வருஷா வருஷம் ஜமாபந்தி என்கிற கணக்குத் தணிக்கையில் கேட்பார்கள், வருஷா வருஷம் அவளும் ஆளில்லை என்று எழுதுவாள்.

"என்னுதுதான் சார். என்ன விஷயம்?"

"உலகத்தோட உயிர் இப்ப இந்தக் காகிதத்துலதான் இருக்கு."

அவர் சொல்லச் சொல்ல மாசானம் குறுக்கே கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்றே மாதம். யாருக்கும் பயப்படுகிற கட்டத்தைத் தாண்டியிருந்தார்.

"எல்லாக் குண்டையும் ஒரே இடத்துல இறக்கறதுன்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டாங்க. வெடிக்காது. வெறும் கனமா விழும். எல்லாம் விழுந்துச்சான்னு ரெண்டு பேரும் எண்ணிக்குவாங்க."

"மேலேயே வச்சு வெடிச்சிரலாம்லா சார்?"

"வெடிச்சா செயற்கைக்கோள் எல்லாம் போயிடும். போன் போயிடும், பேங்க் போயிடும். அதுக்கு உலகம் அழிஞ்சாலே தேவலைன்னுட்டாங்க."

"நடுக்கடல்ல போட்டா?"

"ஒருத்தன் குண்டை இன்னொருத்தன் முங்கி எடுத்துப் பிரிச்சுப் பாத்துடுவான்னு ரெண்டு பேருக்கும் பயம். தரையிலதான் விழணும். பாலைவனத்துக்கெல்லாம் சொந்தக்காரன் இருக்கான். துருவத்துல போட்டா பனிக்கட்டி உருகிடும். அதனால நடுவன்னு ஒரு மெஷின் வச்சு உலகத்துல இருக்கற நிலப்பதிவேடு அத்தனையும் படிக்க விட்டாங்க. யாருக்கும் சொந்தமில்லாம, யாரும் குடியிருக்காம, வருஷா வருஷம் ஓர் அரசு அதிகாரி முத்திரை குத்தி உறுதி சொன்ன இடம் பூமியில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துதாம். பதினொரு வருஷம், ஒரு வருஷம்கூட விடாம. இவ்வளவு ஒழுங்கா உலகத்துல வேற யாரும் எழுதலை, மேடம்."

சண்முகவடிவு எழுந்து நின்றாள். "சார், அங்க ஆள் இருக்காங்க."

பார்வையாளர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நம்பெருமாள் அவர்களை இளநீர் குடிக்க வெளியே அனுப்பினார். தனித்தனி மரத்து இளநீர்.

"எத்தனை பேர்?"

"அறுநூத்துப் பதினாலு. ரெண்டு மாசத்துக்கு முன்ன ஒரு பிரசவம், அதையும் சேத்து."

"மேலயிருந்து படம் எடுத்தா கூரை தெரியுமே சார்," என்றார் மாசானம்.

"தெரியறதே. மேலைக்காரன் படத்துல நூத்து முப்பது கூரை. அது பொய்ப்படம்னு கீழைக்காரன் சொல்றான். அவன் எடுத்த படத்துலயும் அதே நூத்து முப்பது. அது பொய்ப்படம்னு இவன் சொல்றான். படம்னாலே யாரும் நம்பாத காலம். ரெண்டு பேரும் நம்பற ஒரே சாட்சி மையில எழுதி, ரப்பர் முத்திரை குத்தி, மக்கிப்போன பழைய காகிதம். எந்த மெஷினாலயும் அப்படி ஒண்ணை உண்டாக்க முடியாதாம்."

"செல்லரிச்ச ஓட்டைய மெஷினு எப்படிப் போடும்," என்றார் மாசானம், பெருமையாக.

"நான் பொய் எழுதியிருக்கேன் சார். அதச் சொல்லிருதேன்."

"சொல்லுங்க. ஒப்பந்தத்துல முதல் ஷரத்தே அதுதான். அங்க ஆள் இருந்ததா ஒரு துண்டுக் காகிதம் வந்தாலும் மோசடி, ஒப்பந்தம் ரத்து. நடுவன் கையில ரெண்டாவது இடம் இல்லை. நாளன்னிக்கு ஆறு மணிக்கு ஆயிரத்து நாற்பது ஊர் இருக்காது."

"அப்ப அவங்களக் காலி பண்ணிட்டுப் போடலாமே சார். நாலு பஸ்ஸு, பத்து போட்டு. முழுசா ரெண்டு நாள் இருக்கே."

"யாரைக் காலி பண்ணுவீங்க? இல்லாதவங்களையா?" என்றார் நம்பெருமாள். "பஸ் கேட்டா ஒரு காகிதம். முகாம்னா ஒரு காகிதம். ஒரு பொட்டலம் சோறு குடுத்தாக்கூட அதுக்கு ஒரு காகிதம். அவங்களா எந்திரிச்சுப் போகணும். போகச் சொல்லி யாரும் சொல்லியிருக்கக் கூடாது."

இந்த வருஷமும் ஆளில்லை என்று உறுதி சொல்கிற ஒரு புதிய படிவத்தை அவர் நீட்டினார். சண்முகவடிவு அதை ரொம்ப நேரம் பார்த்தாள். அறுநூற்றுப் பதினாலை ஒரு பக்கம் வைத்தாள். எதிர்ப்பக்கம் வைக்க வேண்டிய எண்ணுக்கு எத்தனை பூஜ்யம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள். மாசானம் முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி ஓங்கிக் குத்தினார். நெட்டையும் குட்டையும் ஓடிவந்து, முத்திரையை மோந்து பார்த்து, அசல் மைதான் என்று அவரவர் தலைநகரத்துக்குச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் உலகமே தெருவுக்கு வந்துவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். தேவாலயங்களில் மணி அடித்த அடியில் நாலைந்து கோபுரம் விரிசல் விட்டது. சரித்திரத்திலேயே மகத்தான ராஜதந்திரம் என்று நூறு மொழியில் எழுதினார்கள்.

மறுநாள் காலை சண்முகவடிவு தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மீன்காரர் படகில் கொம்புத்திட்டுக்குப் போனாள்.

ஞானத்தங்கம் அப்போதுதான் கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தாள். திட்டில் பாசி எடுக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் வாய். ஐம்பது வயது, நெற்றியில் நீச்சல் கண்ணாடி, டயரை வெட்டிச் செய்த செருப்பு. சண்முகவடிவு சொன்ன எல்லாவற்றையும் இடுப்பில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டாள்.

"போறதுக்கு பஸ்ஸு வருமா?"

"வராது."

"எங்க போய் எறங்க?"

"பழைய உப்பளக் காடு இருக்குல்லா, அங்க. டவுன்லயிருந்து மூணு கிலோமீட்டர். யாரும் வந்து கேக்க மாட்டாங்க."

"சோறு தண்ணி?"

"நானும் மாசானமும் கொண்டு வந்து தாறோம். முடிஞ்ச வரைக்கும். ஞானத்தங்கம், கவர்மெண்டு கணக்குல நீங்க யாரும் இங்க இல்ல. நான்தான் அப்படி எழுதுனேன்."

"தெரியும். நீங்க அப்படி எழுதுனதாலதான நாங்க இருந்தோம்."

அதில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் சண்முகவடிவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரு ஆறு மாசத்துக்கு அப்புறம் திரும்பி வரலாமா?"

"வெடிக்காட்டியும் குண்டெல்லாம் உடைஞ்சு கசியும். முந்நூறு வருஷத்துக்கு இந்தத் தண்ணியில கால் வைக்கக் கூடாதாம்."

"பரவால்ல, பேரன் பேத்தி வரும்," என்று சொல்லிவிட்டு ஞானத்தங்கம் தன் வீட்டுக் கதவைக் கழற்றப் போனாள்.

இருபத்திரண்டு வள்ளம். அன்றும் மறுநாளும் போனது, வந்தது. சட்டி பானை, கதவு, கூரைத் தகரம், அந்தோணியார் சொரூபம், ஆடு, கோழி, ஒரு தையல் மிஷின், பிரசவமான பெண், இரண்டு மாதக் குழந்தை. உலகத்தைக் காப்பாற்றிய ராஜதந்திரிகள் விருந்து மேசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்த உலகத்தின் பாரமெல்லாம் இருபத்திரண்டு வள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் தள்ளாடிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் நாலரைக்கு எல்லாரும் கரையேறியாயிற்று. அப்போதுதான் ஞானத்தங்கத்தின் தம்பி ராயப்பன், புது இன்ஜின் ஒன்றைத் திட்டிலேயே விட்டுவிட்டோம், ஒண்ணரை மணி நேரம் தாராளம் என்று இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போனான்.

ஆறு மணிக்கு வானம் கிழிந்தது. அண்டாவுக்குள் தலையை விட்டு வெளியிலிருந்து ஆயிரம் பேர் உலக்கையால் அடித்தால் எப்படியிருக்கும், அப்படிப் பதினொரு நிமிஷம். அலவாய்ப்பேட்டையில் தாலிக்கொடியெல்லாம் கழுத்தில் தானாக ஆடியது. கடல் ஒரு கிலோமீட்டர் பின்வாங்கி, யோசித்து, திரும்பி வந்தது. நீராவி அடங்கியபோது கொம்புத்திட்டு இருந்த இடத்தில் கடல் வட்டமாக, பச்சையாக, அலையே இல்லாமல் கிடந்தது.

உப்பளக் காட்டில் ஞானத்தங்கம் தலை எண்ணினாள். அறுநூற்றுப் பதினொன்று. மறுபடி எண்ணினாள்.

நாற்பது நாள் கழித்து அவள் தாலுகா அலுவலகத்துக்கு வந்தாள். ராயப்பன் பெண்டாட்டிக்கு விதவைச் சான்று வேண்டும். அதற்கு இறப்புப் பதிவு வேண்டும். சண்முகவடிவு அவளை எதிரே உட்காரவைத்துவிட்டு, தானே கணினியில் அடித்துப் பார்த்தாள். இறந்த இடம்: கொம்புத்திட்டு. திரை ஏற்கவில்லை. அங்கு ஆள் இல்லை என்றது. கடல் என்று அடித்தாள். உடல் கிடைத்த நாள் கேட்டது.

"என்ன சொல்லுது?" என்றாள் ஞானத்தங்கம்.

"அங்க யாரும் இல்லாததால, அங்க யாரும் சாக முடியாதாம்."

"அப்ப அவன் சாகல."

"இதுல அப்படித்தான் வருது."

"சரி. அப்ப அவன வரச் சொல்லுங்க."

சண்முகவடிவு திரையைப் பார்த்தபடியே இருந்தாள். இந்த நாற்பது நாளில் அவள் ஒன்றை முடிவு செய்திருந்தாள். இனி எவன் எந்தப் படிவத்தைக் கொண்டுவந்தாலும் கையெழுத்துக் கிடையாது. ஏழு கார் வந்தாலும் சரி, எழுபது கார் வந்தாலும் சரி. ஆள் இருந்தால் இருக்கிறது என்று எழுதுவாள், பெயர் பெயராக. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தபோது போன் அடித்தது. நம்பெருமாள்.

"மேடம், மறுபடி ஏவிட்டாங்க. ரெண்டு பேரும்."

"ஏன் சார்? கைகுடுத்துச் சிரிச்சாங்களே, டிவியில பாத்தேன்."

"அதனாலதான். இப்பப் பயம் விட்டுப்போச்சு. ஏவலாம், சுத்த விடலாம், மேசையில உக்காந்து பேசலாம், கடைசியா எங்கயாவது இறக்கிக்கலாம்னு தெரிஞ்சுபோச்சு. மாசம் ஒரு தடவை பண்ணலாம்னு பேசிக்கறாங்க. இந்தத் தடவை பேச்சுவார்த்தை ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. இன்னிக்கு நாலு மணிக்கு இறங்கறது."

"எங்க?"

"உங்க தாலுகாதான். ரெண்டு தரப்புக்கும் அதுமேல நம்பிக்கை வந்துடுத்து. பழைய உப்பளம்."

"அங்க அறுநூத்துப் பதினோரு பேர் இருக்காங்க சார். நான் கையெழுத்துப் போட மாட்டேன். கலெக்டர் வந்தாலும் போட மாட்டேன். வேலைய விட்டே எடுத்துக்கிடுங்க."

மறுமுனையில் நம்பெருமாள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான் கேக்கலையே மேடம். சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பதினொரு வருஷ அறிக்கையைப் படிச்சு, இப்ப நடுவனே சான்று எழுதிக்கறது. உங்க நடை, உங்க கையெழுத்து, உங்க முத்திரை. செல்லரிச்ச ஓட்டைகூடப் போடறது. அசலை விட நன்னா இருக்குன்னு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "உப்பளத்தைச் சுத்தி நாலு கிலோமீட்டருக்கு ஆள் இருக்கக் கூடாதுன்னு ஷரத்து. அதனால அலவாய்ப்பேட்டைக்கும் எழுதிடுத்து. ஆள் நடமாட்டம் இல்லைன்னு. நீங்க கிளம்புங்க மேடம். நான் சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மணி ஒன்றே கால்.

எதிரே இருந்த ஞானத்தங்கம் எழுந்துவிட்டாள். போனில் கேட்டது பாதிதான். மீதிப் பாதி அவளுக்குத் தேவைப்படவில்லை. "நான் போய் கூரையப் பிரிக்கச் சொல்லுதேன். நீங்களும் எங்ககூட வந்திருங்கம்மா."

சண்முகவடிவு வராந்தாவுக்கு வந்தாள். வெயிலில் அறுபது எழுபது பேர் வரிசை. சொன்னாள். சுருக்கமாக, ஒன்றும் மறைக்காமல், நாலு மணிக்கு இந்த ஊர் இருக்காது என்று சொன்னாள். பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வடக்கே போங்கள், அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள் என்றாள்.

வரிசையில் முதலாவதாக நின்றவர் ரைஸ்மில் வைத்திருக்கும் பொன்னுச்சாமி. அவர் சிரித்தார், கேலியாக அல்ல, சின்னப்பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி.

"அது திட்டுல இருந்தவங்களுக்கும்மா. அவங்களுக்கு என்ன இருந்துச்சு? எங்களுக்கு பட்டா இருக்கு. எங்க தாத்தா காலத்துப் பத்திரம் பீரோவுல இருக்கு. நாலு தலைமுறையா தீர்வை கட்டுதோம். எங்கள இல்லன்னு எவன் எழுத முடியும்?"

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். ஒருவரும் வரிசையைவிட்டு நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடும்.

"மாசானம், ஜீப்ப எடுத்துட்டுப் போய் பள்ளிக்கூடத்துல சொல்லும்," என்றாள். அவர் ஒன்றும் கேட்காமல் ஓடினார். ஞானத்தங்கம் படியிறங்கி உப்பளத்துப் பக்கம் நடந்தாள். ஓடவில்லை. இரண்டே முக்கால் மணி நேரத்தில் எத்தனை கதவு கழற்றலாம், எத்தனை ஆடு பிடிக்கலாம் என்று தெரிந்தவளின் நடை அது.

சண்முகவடிவு பொன்னுச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அவர் பொறுமையாக முழுதும் கேட்டார்.

"சரிம்மா, போறேன்," என்றார். "போறதுக்கு முன்னால இதுல மட்டும் ஒரு கையெழுத்து."